எஸ்தருக்குக் கிடைத்த மேனேஜர் பதவி

திருப்பூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வணிக நிர்வாகப் படிப்பு மாணவர்களை வேலைக்கு எப்படித் தயார் செய்கிறது என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். பனியன் ஏற்றுமதி ஆபீஸில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவள், எத்தனையோ படித்த பிள்ளைகளை இன்டர்வியூ பண்ணி உள்ளே எடுத்தவள், இந்தம்மாவுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்கள். ஃபோனில் பேசிய அம்மணி, "கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டுங்க மேடம், ஸ்டூடண்ட்ஸ் படிக்கறதுங்க" என்றார். சரிங்க என்று உட்கார்ந்து பாசிட்டிவாக ஒரு பக்கம் எழுதினேன். எழுதியதைப் படித்தால் எனக்கே குமட்டியது. கிழித்துப் போட்டேன்.

எஸ்தரை விட்டுவிட்டு இந்தத் தலைப்பில் என்னால் ஒரு வரி எழுத முடியாது. எஸ்தரைப் பற்றி எழுதினால் அவர்கள் மலரில் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும், நான் எழுதிவிடுகிறேன்.

என் கதை சுருக்கமானது. பல்லடத்துக்காரி. தபாலில் பி.காம். முடித்தேன், டைப்ரைட்டிங் கற்றேன், டைப்பிஸ்டாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் மெயில் வந்தது, நானும் டைப்பிஸ்டிலிருந்து ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் ஊர்ந்து வந்தேன். ஊர்ந்து என்றுதான் சொல்ல வேண்டும். பெண் என்பதால் ஒரு தாமதம், கல்லூரிக்குப் போய்ப் படிக்காதவள் என்பதால் இன்னொரு தாமதம். மேனேஜர் என்று என் மேசையில் பலகை வைத்தபோது எனக்கு முக்கால் தலை நரைத்திருந்தது.

வெளிநாட்டு ஆர்டர்களுக்கு இருந்த கோட்டா முறை முடிந்ததே, அதை ஒட்டிய வருஷங்களில் நடந்த கதை இது. ஆர்டர் கொட்டியது. கூடவே கல்லூரிகளும் முளைத்தன. அவினாசி ரோட்டிலும் தாராபுரம் ரோட்டிலும் எம்.பி.ஏ. போர்டு இல்லாத இடம் கிடையாது. கோடை வந்தால் எங்கள் ஆபீஸுக்கு டை கட்டின பிள்ளைகள் 'ப்ராஜெக்ட்' பண்ண வருவார்கள். தொழிலாளர்களின் மனத்திருப்தி பற்றி ஆய்வு என்பார்கள். எந்தத் தொழிலாளியிடமும் போய்ப் பேசவிடாமல் சூப்பர்வைசர் விரட்டிவிடுவார். பிள்ளைகள் எதிர்த்த பேக்கரியில் உட்கார்ந்து கேள்வித்தாளை அவர்களே நிரப்பிக்கொண்டு வருவார்கள். நாங்கள் சீல் குத்திக் கொடுப்போம். அதில் எல்லாத் தொழிலாளியும் திருப்தியாக இருப்பார்.

அப்படிப்பட்ட கூட்டத்தில் எஸ்தர் வேறு மாதிரி. சீல் மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல் ப்ராஜெக்ட் முடியும் வரைக்கும் தினமும் வந்தாள். துணி வந்து இறங்குவதிலிருந்து பெட்டி ஒட்டுவது வரைக்கும் கூடவே நின்று பார்த்தாள். அவள் அப்பா ஞானராஜ் நல்லூரில், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் பள்ளிக்கூட லீவில் செக்கிங் டேபிளில் நின்று, தைத்த பீஸில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்தவள். அதனால் அவளுக்கு இந்தத் தொழிலின் வாடையும் தெரியும், கல்லூரிப் படிப்பும் தெரியும். படிப்பு முடிந்த கையோடு எங்கள் கம்பெனிக்கே மெர்ச்சண்டைசர் வேலைக்கு விண்ணப்பித்தாள். பையர் என்கிற வெளிநாட்டு வாங்குபவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை நடத்திக்கொடுக்கிற ஆள்தான் மெர்ச்சண்டைசர்.

எங்கள் முதலாளியை ஆபீஸில் எல்லோரும் அண்ணன் என்போம். இன்டர்வியூவில் அவர் எஸ்தரிடம் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இங்கிலீஷ்ல தப்பில்லாம மெயில் போடுவியா கண்ணு?" என்றார். போடுவேன் என்றாள். "பையர் முன்னாடி நடுக்கமில்லாம பேசுவியா?" பேசுவேன் என்றாள். "அப்ப நாளைக்கே வந்துரு சாமி" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் பிற்பாடு நடந்தது புரியும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கேபினுக்குள் யார் போனாலும் முதலில் டீ சொல்வார். பிடித்தவர்களை வா கண்ணு, போ சாமி என்று ஒருமையில்தான் கூப்பிடுவார். அவர் பேச்சில் 'ங்க' சேர ஆரம்பித்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க, ஊட்டுல எல்லாம் சௌக்கியமுங்களா என்று வரிசையாக வந்தால் அந்த ஆளுக்குச் சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வேலையை விட்டு அனுப்புவதற்குக்கூட வாசல் வரை வந்து கும்பிட்டு அனுப்புவார். போனவன் திட்டக்கூட முடியாமல் போவான்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. கம்பெனிக்கு அவர்தான் எல்லாம், ஆனால் ஒரு மெயில்கூட அவர் பேரில் போகாது. எந்த உத்தரவும் வாய்மொழிதான். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, வெளியே டெம்போ லோடு ஏற்றுவதைப் பார்த்தபடியே, "அந்த விசயத்தை ஆமான்னு எழுதிரு கண்ணு" என்பார். மெர்ச்சண்டைசர் போய் அதை இங்கிலீஷில் எழுதி, அடியில் தன் பேரைப் போட்டு அனுப்பணும். எங்கள் கம்பெனி மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். படித்த பிள்ளைகளை எதற்குத் தேடுகிறார்கள் என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

எஸ்தர் வேலையில் புலி. சாம்பிள் அப்ரூவல், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டவணை போட்டுத் தன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருப்பாள். எந்த ஆர்டரில் எது தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்வாள். இந்தப் பிள்ளைக்குப் படிப்பு நன்றாகவே வேலை செய்தது, அதை நான் மறுக்கவில்லை. என்னை அக்கா என்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என் டேபிளுக்கு வருவாள். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் மட்டும் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த வருஷம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கைக்குழந்தைகளுக்கான பனியன், நெஞ்சில் மஞ்சள் வாத்து பிரிண்ட். பையரின் நிபந்தனை ஒன்று மிகக் கண்டிப்பானது. அவர்கள் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த எங்கள் ஃபேக்டரியில் மட்டும்தான் கட் பண்ணித் தைக்கணும், வெளியில் கொடுக்கக் கூடாது. எங்களிடம் இருந்த மிஷினுக்கு அந்த ஆர்டர் தாங்காது என்று ஆபீஸில் டீ கொடுக்கிறவருக்கும் தெரியும். அண்ணன் ஆர்டரை எடுத்துக்கொண்டார். பாதியைச் சத்தமில்லாமல் நல்லூருக்கு, ஞானராஜ் வேலை செய்த யூனிட்டுக்கே அனுப்பினார்.

எஸ்தருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவள் அப்பா, "இன்னைக்கு பூரா வாத்து வெட்டுனேன் பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார்.

பெங்களூரில் பையருக்கு ஒரு ஆபீஸ் இருந்தது. எல்லாப் பீஸும் உங்கள் ஃபேக்டரியில்தான் தைக்கப்படுகிறதா, உறுதி செய்யவும் என்று அவர்கள் வழக்கமாக ஒரு மெயில் போடுவார்கள். எஸ்தர் அண்ணனிடம் போய்க் கேட்டாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி, "ஆமான்னு எழுதிரு கண்ணு" என்றார்.

அவள் என் மேசைக்கு வந்தாள். "அக்கா, காலேஜ்ல பிசினஸ் எதிக்ஸ்னு ஒரு பேப்பர். நான்தான் யுனிவர்சிட்டி ரேங்க். இப்ப இதை எழுதச் சொல்றாரு" என்று சிரித்தாள். சிரிப்பில் பாதி அழுகை.

"எழுதாம இருக்க முடியாது. எழுது. ஆனா காப்பி அண்ணனுக்கும் போற மாதிரி அவரு பேரையும் சேத்திப் போட்டுரு" என்றேன். அப்படியே போட்டாள். மறுநாள் வந்து சொன்னாள்: "அண்ணன் கூப்பிட்டாருக்கா. 'எம் பேரை எதுக்கு கண்ணு இதுல எல்லாம் இழுக்கறே, நம்ம மேல நம்பிக்கை இல்லையா'ன்னு சிரிச்சுட்டே கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"இனிமே போடல அண்ணான்னேன். வேற என்னக்கா சொல்றது, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகல."

அதற்குப் பிறகு போன மெயில்கள் எல்லாவற்றிலும் அவள் பேர் மட்டும்தான்.

ஆர்டர் முக்கால்வாசி முடிந்திருந்த சமயம். பெங்களூர் ஆபீஸின் தர ஆய்வாளர் ஒருவர் வேறு கம்பெனி வேலையாக நல்லூர் போனவர், டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார். எதிரே ஒரு டெம்போவில் மூட்டை மூட்டையாக மஞ்சள் வாத்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் நேராக அண்ணனுக்குத்தான் ஃபோன் பண்ணினார். அந்த ஃபோன் என் வழியாகத்தான் உள்ளே போனது, வாத்து என்ற வார்த்தை என் காதிலும் விழுந்தது. கதவு சாத்தியிருந்தது. கதவு திறந்தபோது அண்ணன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் எஸ்தரைக் கேபினுக்குக் கூப்பிட்டார். நானும் இருக்கணும் என்றார். பெண்பிள்ளையைத் தனியாக உள்ளே வைத்துப் பேச மாட்டார், அந்த மரியாதையெல்லாம் அவரிடம் குறைவில்லாமல் உண்டு.

"வாங்க எஸ்தர், உக்காருங்க. டீ சாப்பிடுங்க. ஊட்டுல அப்பா அம்மா எல்லாரும் சௌக்கியமுங்களா" என்றார்.

சீட்டுக் கிழியப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்தர் என்ன செய்தாள் தெரியுமா, நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'ங்க' போட்டுப் பேசுகிறாரே என்று அவளுக்குப் பெருமை.

"நீங்க நல்லா வேலை பாக்கறீங்க. எம்.பி.ஏ. படிச்சவங்களை இன்னும் மெர்ச்சண்டைசராவே வெச்சிருக்கறது நாயமில்லீங்க. நாளையிலிருந்து நீங்க சோர்ஸிங் மேனேஜருங்க. எந்த வேலையை எங்க குடுக்கறதுன்னு இனி நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். விசிட்டிங் கார்டு அடிக்கச் சொல்லி என்னிடம் திரும்பினார். மெயிலில் பேருக்குக் கீழே பதவியையும் சேர்த்துவிடச் சொன்னார்.

மறுநாள் எஸ்தர் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். அவள் அம்மா கொடுத்தனுப்பிய ஜாதிமல்லியை எனக்கும் வைத்துவிட்டாள். நான் அவளைச் சாப்பாட்டு ரூமுக்கு இழுத்துப் போய், ஃபோன் வந்ததைச் சொன்னேன். "கண்ணு, இது பதவி இல்லை. வாத்து விசயம் வெளிய தெரிஞ்சு போச்சு. பழியைப் போட ஒரு மேனேஜர் வேணும். நேத்து வரைக்கும் இங்க அப்படி ஒரு போஸ்ட்டே இல்லை, யோசிச்சுப் பாரு. வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க மேனேஜர் ஆக எவ்வளவு காலம் ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சீக்கிரம் கிடைச்சா உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், புரியுது. ஆனா நான் அதுக்குத்தான படிச்சேன்" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. பொறாமையே எனக்கு இல்லை என்று சத்தியம் பண்ணுவேனா, மாட்டேன். கொஞ்சம் இருந்திருக்கும். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடுமா. "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரம் நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை.

பெங்களூரிலிருந்து எழுத்தில் கேள்வி வந்தது. கூடவே அந்த ஆபீஸின் தலைமை மேடம் நேரில் வருகிறார் என்றும் வந்தது. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் கம்பெனியையே ஆர்டர் கொடுக்கிற பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அண்ணன் மறுபடி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மறுபடி டீ.

"எஸ்தருங்க, இதை நான் பண்ணுனேன்னு சொன்னா கம்பெனி போச்சுங்க. மேனேஜர் ஒருத்தங்க அவசரத்துல தப்பா முடிவு எடுத்துட்டாங்கன்னா, அது ஒரு ஆளோட தப்புங்க. திருத்திக்கங்கன்னு உட்டுருவாங்க."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அண்ணா, நான் மெயில் மட்டுந்தானே அனுப்புனேன். நீங்க சொல்லித்தானே" என்றாள்.

"தெரியுமுங்க. உங்களை நான் உட்டுருவனாங்க? கொஞ்ச நாள் எம் மச்சான் கம்பெனில மேனேஜராவே இருங்க. ஆறுனதுக்கப்புறம் கூப்பிட்டுக்கறேன். நல்லூர் யூனிட்டுல உங்கப்பா இருக்காருங்க. நம்ம ஆர்டர் நின்னா அந்த யூனிட்டைப் பூட்டறதைத் தவிர வழியில்லீங்க."

நான் குறுக்கிட்டேன். "அண்ணா, சின்னப் புள்ளைங்க அது. வேற யாராச்சும் ஒருத்தரு பேரைச் சொல்லலாமுங்க. கட்டிங் சூப்பர்வைசரு இருக்காரு, நானே இருக்கறேன்."

அண்ணன் என்னைப் பரிவாகப் பார்த்தார். "நீயும் சூப்பர்வைசரும் முடிவெடுத்தீங்கன்னா அவங்க நம்ப மாட்டாங்க இந்திராணி. முதலாளி சொல்லித்தான் பண்ணியிருப்பாங்கன்னு சொல்லிருவாங்க. இவிங்க எம்.பி.ஏ. தானா முடிவெடுக்கறதுக்குப் படிச்சவங்க. நம்பிருவாங்க."

இந்தத் தொழிலில் இத்தனை வருஷத்தில் படிப்பைப் பற்றி நான் கேட்ட உண்மையான பேச்சு இது ஒன்றுதான். தலைப்புக்கு நேரடியான பதிலும் இதுதான். கல்லூரிக்காரர்கள் வேண்டுமானால் இதை மட்டும் கத்தரித்துப் போட்டுக்கொள்ளட்டும்.

எஸ்தர் ஒத்துக்கொண்டாள். வேறு வழி என்ன இருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், தெரியவில்லை. முடியாது என்று போயிருந்தாலும் மெயில் எல்லாம் அவள் பேரில். அப்பாவின் வேலை வேறு.

ஒத்துக்கொண்டபின் அவள் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தாள். கம்ப்யூட்டரில் ஸ்லைடு தயார் பண்ணினாள். தவறின் வேர்க்காரணம், திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கை என்று தனித்தனித் தலைப்பு. மீன் முள் மாதிரி ஒரு படம் வரைந்தாள். ஒரு கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிக்கக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற படமாம். தலைப்பக்கத்தில் 'அனுமதியின்றி வெளியே கொடுத்தது' என்று பிரச்சினையை எழுதணும். முள் ஒவ்வொன்றிலும் மிஷின், துணி, முறை, மனிதர் என்று ஒவ்வொரு காரணம். மனிதர் என்ற முள்ளில் 'சோர்ஸிங் மேனேஜரின் தவறான தனி முடிவு' என்று எழுதினாள். எழுத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்தாள், பிறகு சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று நீலமாக மாற்றினாள். "எப்படிக்கா இருக்கு, முள்ளு நேரா இருக்கா?" என்று என்னிடம் கேட்டாள். நேரா இருக்கு என்றேன்.

பெங்களூர் மேடம் வந்தார். எஸ்தரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவராக இருப்பார். அவரும் எம்.பி.ஏ. தமிழ் தெரியாது. கான்ஃபரன்ஸ் ரூமில் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எஸ்தர் நீலக் கலர் காட்டன் புடவை கட்டி, திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். அப்படி ஒரு இங்கிலீஷை அந்த ரூமில் அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. காலக்கெடு நெருக்கியது, நிர்வாகத்தைக் கேட்காமல் நானே நல்லூருக்கு அனுப்பினேன், உங்களுக்குத் தவறான தகவல் கொடுத்தேன் என்று வேறு யாருடைய தப்பையோ விவரிக்கிற மாதிரி விவரித்தாள். மேடம் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் வெரி க்ளியர் என்று பாராட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வராது, படித்த அத்தனையும் ஓடிப்போகும். "அண்ணா, இது நாயமே இல்லீங்க. பெத்தவங்க வயிறு எரியுமுங்க. அந்தப் புள்ளை ஒண்ணுமே பண்ணலீங்க" என்று தமிழில் கொட்டினேன்.

மேடம் திகைத்துப் போய், என்ன சொல்கிறார் இவர் என்று இங்கிலீஷில் கேட்டார். அண்ணன் எஸ்தரைப் பார்த்தார்.

எஸ்தர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எங்கள் ஆபீஸ் மேனேஜர் மிகவும் வருத்தப்படுகிறார், இனி இப்படி நடக்காது என்கிறார்" என்று அதே தெளிவான இங்கிலீஷில் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், உட்காருங்கக்கா என்கிற மாதிரி. உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் கடைசியாக அண்ணனிடம், பொறுப்பான நபர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டார். ஸ்லைடில் எஸ்தர் அதற்கு 'மறுபயிற்சி' என்று போட்டிருந்தாள். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில், "டுடே ரிலீவ்டு மேடம். ஃபுல் ரிலீவ்" என்றார்.

தன்னை வேலையை விட்டே எடுத்துவிட்டார் என்பது எஸ்தருக்கு அங்கேதான் தெரிந்தது. கையில் வைத்திருந்த மார்க்கர் பேனாவின் மூடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். பிறகு கடைசி ஸ்லைடுக்குப் போனாள். 'நன்றி' என்று இருந்தது. "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டாள். கல்லூரியில் அப்படிக் கேட்டுத்தான் முடிக்கணும் என்று பழக்கியிருக்கிறார்கள். மேடத்துக்குக் கேள்வி ஒன்றும் இல்லை.

பையர் எங்களைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. விளக்கம் முன்மாதிரியாக இருந்தது என்று எழுதினார்கள். மீதி வாத்தும் கப்பல் ஏறியது. நல்லூர் யூனிட்டின் பேரை மாற்றி வேறு ஆர்டர்கள் பழையபடி அங்கே போயின. மச்சான் கம்பெனி என்ன ஆச்சு என்று நான் கேட்டபோது அண்ணன், "கொஞ்சம் ஆறட்டுங்க இந்திராணியம்மா, டீ சாப்பிடுங்க" என்றார். எனக்கும் 'ங்க' வந்துவிட்டது என்று தெரிந்தது. அது ஆறவே இல்லை. போ என்று அவரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. எனக்கும் வீடு இருந்தது, வீட்டுக்கு நான் ஒருத்திதான் சம்பாத்தியம்.

திருப்பூரில் ஒரு கம்பெனியில் தும்மினால் இன்னொரு கம்பெனியில் கேட்கும். எஸ்தர் எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும், வாத்து ஆர்டரை வெளியே விட்ட மேனேஜர் நீங்கதானுங்களா என்றுதான் முதல் கேள்வி. கோயமுத்தூரில் முயற்சி பண்ணினாள். பழைய கம்பெனியில் விசாரிப்பார்கள். என்னிடம் லைன் வந்தால் நான் ஆகா ஓகோ என்பேன். அண்ணனிடம் போனால் அவர், "நல்ல புள்ளைங்க, கொஞ்சம் சொந்த முடிவு எடுக்குமுங்க" என்பார். அது போதும்.

சில மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம், கேட்டில் உங்களைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றார் வாட்ச்மேன். போனேன். ஞானராஜ். கட்டிங் டேபிளில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"ஒரு உதவி செய்யணும்மா. பல்லடம் ரோட்டுல செக்கிங் யூனிட் ஒண்ணுல பிள்ளைக்கு வேலை கேட்டிருக்கேன். சும்மா வீட்டுலயே கெடந்தா புத்தி பேதலிச்சிரும்போல இருக்கு. எம்.பி.ஏ.ன்னு சொன்னா செக்கிங்குல எடுக்க மாட்டேங்காவ. நாளைக்கே ஓடிரும், இல்லன்னா ஆளுகளைத் தூண்டி விட்டுரும்னு பயப்படுதாவ. அதனால பத்தாவதுன்னு சொல்லியிருக்கோம். உங்க கம்பெனியில செக்கிங்குல நின்னான்னு சொல்லியிருக்கோம். விசாரிச்சா நீங்க அப்படியே சொல்லிரணும்மா."

"எஸ்தர் சொல்லச் சொன்னாளா?" என்றேன்.

"அவதாம்மா அனுப்புனா. இந்திராணியக்காகிட்ட மட்டும் போங்க, வேற யாருகிட்டயும் கேக்க வேண்டாம்னா."

சொல்கிறேன் என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே ஃபோன் வந்தது. செக்கிங் யூனிட்டின் கான்ட்ராக்டர் பேசினார். "ஏனுங்க, எஸ்தர்னு ஒரு புள்ளை வந்திருக்குதுங்க. உங்ககிட்ட செக்கிங்ல இருந்துச்சுங்களாமா?"

"ஆமாங்க."

"கை சுத்தமுங்களா?"

"சுத்தமுங்க."

"என்ன படிச்சிருக்குதுங்க?"

"பத்தாவதுங்க."

"இங்கிலீஷ் கிங்கிலீஷ் பேசுமுங்களா? ஆடிட்டுக்கு வர்றவங்க ஏதாச்சும் கேட்டா, இதுக பாட்டுக்கு உள்ளதைச் சொல்லி வெச்சுருமுங்க. அதான் கேக்கறேன்."

"ஒரு வார்த்தை தெரியாதுங்க" என்றேன்.

"அப்பச் செரிங்க, நாளைக்கே வரச் சொல்லீர்றமுங்க" என்று சந்தோஷமாக ஃபோனை வைத்தார்.